கட்டுண்ட ஆற்றலும் கட்டிலா ஆற்றலும்: வெப்ப இயக்கவியலின் இரு கலைச்சொற்கள் குறித்த விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியோடு தொடர்புடைய ‘என்ட்ரோபி’, ‘கட்டிலா ஆற்றல்’ ஆகிய இரு கருத்துகளை இக்கட்டுரை விளக்குகிறது. என்ட்ரோபியை ‘ஒழுங்கின்மை’ எனப் பொருள் விரிக்கும் வழக்கு எவ்விடத்துப் பொருந்தாது போகிறது என்பதும், ‘கட்டிலா’ என்னும் அடை எக்கட்டின் இன்மையைச் சுட்டுகிறது என்பதும் எண்வழிச் சான்றுகளால் காட்டப்படுகின்றன. ‘கட்டிலா ஆற்றல்’ என்னும் தொடர் ‘கட்டுண்ட ஆற்றல்’ என்னும் தன் இணையின்றிப் பொருள் முழுமை எய்தாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: என்ட்ரோபி, கட்டிலா ஆற்றல், கட்டுண்ட ஆற்றல், இரண்டாம் விதி, அறிவியல் தமிழ், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த நம் உரையாடல்கள் பெரும்பாலும் கலைச்சொல்லின் வடிவத்தைச் சுற்றியே நிகழ்கின்றன. ஒலிபெயர்ப்பா, மொழிபெயர்ப்பா, புத்தாக்கமா என்ற வினாவிற்கு விடை கண்டதும் பணி முடிந்ததாகக் கருதிவிடுகிறோம். அச்சொல் சுட்டும் பொருள் யாது, அப்பொருளுக்கு மூலமொழியில் அப்பெயர் ஏன் வாய்த்தது, தமிழில் அது புகும்போது எது உடன்வந்தது, எது விடுபட்டது என்னும் வினாக்கள் அறிவியல் துறையினருக்கு உரியவை என ஒதுக்கப்படுகின்றன. அவர்களோ சொல்லாராய்ச்சி தமிழ்த்துறைக்கு உரியது என்கின்றனர். இவ்விரு துறைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் அநாதையாக நிற்கும் சொற்களுள் இரண்டு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பள்ளிப் பருவத்தில் நாம் மனனம் செய்த ஓர் இலக்கணத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். ‘ஆற்றல் என்பது வேலை செய்யும் திறன்’ என்பது அது. இவ்விலக்கணம் குன்றக்கூறல் அன்று, மிகைபடக்கூறல். ஆற்றல் அனைத்தும் வேலை செய்யவல்லது அன்று என்பதே இரண்டாம் விதியின் சாரம். காய்ச்சிய பாலை இரு குவளைகளில் மாற்றி மாற்றி ஆற்றுகிறோம். பாலிலிருந்த வெப்பம் அழியவில்லை. அறைக் காற்றில் ஒரு துளியும் குறையாமல் சேர்ந்திருக்கிறது. முதல் விதிப்படி கணக்கு நேராகிவிட்டது. எனினும் அவ்வெப்பத்தைக் கொண்டு இனி எதனையும் இயக்க இயலாது. குறைந்தது ஆற்றலின் அளவு அன்று, வேறொன்று. (‘பாலை ஆற்று’ என்பதிலும் ‘செயலாற்று’ என்பதிலும் உள்ள வினை வடிவால் ஒன்றாயினும் பொருளால் வேறு. ஆயினும் பாலை ஆற்றுங்கால் ஆற்றலின் பயன் கெடுகிறது என்னும் இந்தச் சொற்பொருத்தம் நினைவிற்கு உதவக்கூடியது.)

கார்னோவும் கிளாசியசும்

இந்த ‘வேறொன்றை’ முதன்முதல் அணுகியவர் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ. நீராவிப் பொறியின் திறனுக்கு உச்சவரம்பு உண்டா என்னும் நடைமுறை வினாவை அவர் 1824இல் வெளியிட்ட சிறுநூலில் ஆராய்ந்தார். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கு இறங்கும்போதுதான் வேலை கிட்டும் என்றும், கிட்டும் வேலையின் உச்ச அளவு அவ்விரு வெப்பநிலைகளை மட்டுமே பொறுத்தது என்றும் கண்டார். பொறியினுள் நீராவி இருப்பினும் காற்று இருப்பினும் வரம்பு மாறாது. வெப்பத்தை அழியாப் பாய்பொருள் எனக் கொண்ட பழைய கொள்கையின்மேல் நின்றே அவர் இம்முடிவை எட்டினார் என்பது வியப்பிற்குரியது. அடித்தளம் பிழை, முடிவு சரி.

செருமானியரான ருடால்ப் கிளாசியஸ் 1850 முதல் எழுதிய கட்டுரைகளில் அப்பிழையை நீக்கி, 1865இல் அவ்வளவிற்கு ‘என்ட்ரோபி’ எனப் பெயரிட்டார். அவர் வகுத்த அளவு எளியது. ஒரு பொருளுக்குள் மீள்முறையில் புகும் வெப்பத்தை அப்பொருளின் தனிவெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது அப்பொருளின் என்ட்ரோபி உயர்வு. வெப்பம் வெளியேறினால் அதே கணக்கில் தாழ்வு.

ஓர் எண்ணைக் கொண்டு இதனை நோக்குவோம். 400 கெல்வினில் ஒரு பெரும் பொருளும் 300 கெல்வினில் மற்றொரு பெரும் பொருளும் உள்ளன. முன்னதிலிருந்து 1000 ஜூல் வெப்பம் நேரடியாகப் பின்னதற்குப் பாய்கிறது. முன்னது இழந்த என்ட்ரோபி 1000-ஐ 400-ஆல் வகுக்க 2.5. பின்னது பெற்றது 1000-ஐ 300-ஆல் வகுக்க 3.33. வரவு செலவைவிட 0.83 அலகு மிகுதி. வெப்பம் ஒன்றே, சூடான இடத்தில் அதன் என்ட்ரோபி குறைவு, குளிர்ந்த இடத்தில் மிகுதி. ஆகவே வெப்பம் தானாகக் கீழிறங்கும்போதெல்லாம் புதிதாக என்ட்ரோபி உண்டாகிறது. தலைகீழாக நிகழ்ந்தால் மொத்தம் குறையவேண்டும், அது நிகழ்வதில்லை.

இனி, இடையில் ஒரு பொறியை வைப்போம். 2.5 அலகு என்ட்ரோபியைச் சூடான பொருள் இழக்கிறது. மொத்தம் குறையக்கூடாதாகையால் குளிர்ந்த பொருள் குறைந்தது 2.5 அலகையாவது பெற்றாக வேண்டும். 300 கெல்வினில் 2.5 அலகைப் பெற 750 ஜூல் வெப்பம் அதற்குச் செலுத்தப்பட வேண்டும். எஞ்சிய 250 ஜூல் மட்டுமே வேலையாக மாறலாம். எவ்வளவு நுட்பமான பொறியாயினும் 251 ஜூலைப் பெற இயலாது. அந்த 750 ஜூல் எங்கிருந்து வந்தது? 300 என்னும் வெப்பநிலையை 2.5 என்னும் என்ட்ரோபியால் பெருக்கி வந்தது. வெப்பநிலையையும் என்ட்ரோபியையும் பெருக்கி வரும் இவ்வளவே வேலையாக மாற இயலாதவாறு ‘கட்டப்பட்டு’ விடுகிறது. பொறியின்றி வெப்பத்தை நேரே பாயவிட்டபோது நாம் இழந்த வேலையும் 250 ஜூல். புதிதாய்ப் பிறந்த 0.83 அலகை 300-ஆல் பெருக்கினாலும் ஏறத்தாழ அதுவே வருகிறது. பிறந்த என்ட்ரோபி, இழந்த வாய்ப்பின் கணக்கேடு.

ஒரு பெயரின் பிறப்பு

கிளாசியஸ் இப்பெயரை எவ்வாறு ஆக்கினார் என்பது கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் அனைவரும் அறியத்தக்கது. மாற்றம், திருப்பம் எனப் பொருள்படும் ‘த்ரோபே’ என்னும் கிரேக்கச் சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். பொருளளவில் நெருங்கிய உறவுடைய ‘எனர்ஜி’ என்னும் சொல்லோடு ஒலியிலும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அதன் முன் ‘என்’ என்னும் உறுப்பைச் சேர்த்தார். மேலும், தொன்மொழியிலிருந்து பெயர் எடுத்தால் எல்லா நவீன மொழிகளும் அதனை மாற்றமின்றி ஏற்கலாம் என்றும் காரணம் கூறினார். (‘த்ரோபே’ என்பதும் தமிழின் ‘திரிபு’ம் ஒலியாலும் பொருளாலும் நெருங்கியிருப்பது நம்மவர்க்கு ஒரு சபலம். இவ்வொப்புமையை வேர்ச்சொல் உறவாகக் கொள்வதற்குச் சான்றில்லை.)

ஆகவே தமிழகப் பாடநூல்கள் ‘என்ட்ரோபி’ என்றும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘எந்திரப்பி’ என்றும் ஒலிபெயர்த்தது சோம்பல் எனக் குறைகூறத் தக்கதன்று. ஆக்கியோனின் விருப்பமே அதுதான். ஆனால் அவரது மற்றொரு விருப்பம் நிறைவேறவில்லை. ‘எனர்ஜி’ தமிழகத்தில் ‘ஆற்றல்’ எனவும் இலங்கையில் ‘சக்தி’ எனவும் மொழிபெயர்ந்துவிட்டது. இரட்டையராகப் பிறந்தவற்றுள் ஒன்று தமிழுடை பூண்டது. மற்றொன்று பிறந்த கோலத்திலேயே நின்றது. ஆற்றலுக்கும் என்ட்ரோபிக்கும் உறவுண்டு என்பதைத் தமிழ் வடிவங்கள் காட்டுவதில்லை. உறவற்ற அயற்சொல்லாக நின்றுவிட்ட ஒன்றுக்கு விளக்கவுரை வேண்டப்பட்டது. அவ்விடத்தில்தான் ‘ஒழுங்கின்மை’ நுழைந்தது.

ஒழுங்கின்மை என்னும் உரை

ஒழுங்கின்மை என்பது தமிழர் கற்பித்த உரையன்று. என்ட்ரோபிக்கு அணுநிலை விளக்கம் தந்த லுத்விக் போல்ட்ஸ்மேனின் எழுத்துகளிலேயே ஒழுங்கு, ஒழுங்கின்மை என்னும் பேச்சு உண்டு. ஆனால் 1877இல் அவர் நிறுவியது ஒழுங்கைப் பற்றிய கூற்று அன்று, எண்ணிக்கையைப் பற்றியது.

நான்கு மூலக்கூறுகள் ஒரு பெட்டியில் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் இடப்பாதியிலோ வலப்பாதியிலோ இருக்கலாம். எனவே மொத்த அமைவுகள் 16. நான்கும் இடப்பக்கமே இருக்கும் அமைவு ஒன்று. இரண்டு இடமும் இரண்டு வலமுமாக இருக்கும் அமைவுகள் ஆறு. எந்த அமைவிற்கும் தனிச் சலுகை இல்லை; 16-உம் சமவாய்ப்புடையன. எனினும் சமமாகப் பரவிய நிலையை நாம் ஆறு மடங்கு மிகுதியாகக் காண்போம். நூறு மூலக்கூறுகளாயின் அனைத்தும் இடப்பக்கம் இருக்கும் வாய்ப்பு, ஒன்றின் பின் முப்பது சுழி இட்டு வரும் எண்ணில் ஒன்றினும் குறைவு. ஒரு குவளைக் காற்றிலுள்ள மூலக்கூறுகளை எண்ணினால் அவ்வாய்ப்பை ‘இல்லை’ என்றே கூறிவிடலாம். வளிமம் பரவுவது ஏதோ ஒரு விசை அதனைப் பரப்புவதால் அன்று. பரவிய நிலைக்கு வழிகள் மிகப் பல என்பதால். அவ்வழிகளின் எண்ணிக்கையின் மடக்கையே என்ட்ரோபி. மடக்கை ஏன் என்பதற்கும் காரணமுண்டு: இரு தொகுதிகளைச் சேர்த்தால் வழிகள் பெருகுகின்றன, என்ட்ரோபிகளோ கூடுகின்றன, பெருக்கலைக் கூட்டலாக்குவது மடக்கை. போல்ட்ஸ்மேனின் பெயர்தாங்கிய மாறிலியால் அதனைப் பெருக்கும் வாய்பாடு வியன்னாவில் அவர் கல்லறையின்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வடிவில் அதனை எழுதியவர் மாக்ஸ் பிளாங்க்.

வழிகளின் எண்ணிக்கை என்பதைக் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கின்மை எனப் பெயர்த்தால் என்ன கெடும்? சமையலறையிலேயே விடை உண்டு. நீரிலிட்டு நன்கு கலக்கிய எண்ணெய், கரண்டியை எடுத்ததும் பிரிந்து தனிப்படலமாகிறது. கலங்கியது தெளிகிறது, ஒழுங்கு தானே பிறக்கிறது. எண்ணெய் மேலே மிதப்பதற்கு அடர்த்திக் குறைவு காரணம். ஆனால் துளிகள் ஒன்றுகூடி நீரை விட்டு விலகுவதற்கு அது காரணமன்று. எண்ணெய் மூலக்கூற்றைச் சூழும் நீர் மூலக்கூறுகள் தம் பிணைப்புகளைக் காத்துக்கொள்ளக் குறிப்பிட்ட சில திசைகளில் மட்டுமே நிற்கவேண்டியுள்ளது. எண்ணெய் விலகியதும் அந்நீர் மூலக்கூறுகளுக்கு அமைவுவழிகள் பெருகுகின்றன. அறை வெப்பநிலையில் இப்பிரிவை நடத்துவது பெரும்பாலும் இவ்வென்ட்ரோபி உயர்வே. கண் எண்ணெயைப் பார்த்து ஒழுங்கு என்கிறது. கணக்கு நீரிடம் இருக்கிறது.

கலைந்து கிடக்கும் அறை, குலைத்த சீட்டுக்கட்டு, சிதறிய புத்தகங்கள் ஆகிய வழக்கமான உவமைகளின் நிலை இன்னும் மோசம். சீட்டுகளைக் குலைத்தாலும் அடுக்கினாலும் அவற்றின் வெப்ப இயக்கவியல் என்ட்ரோபி மாறுவதில்லை. அவற்றின் மூலக்கூறுகளிடையே ஆற்றல் பங்கிடப்படும் வழிகளில் அக்குலைவால் எம்மாற்றமும் இல்லை. அமெரிக்க வேதியியல் பேராசிரியர் பிராங்க் லாம்பெர்ட் 1999இலும் 2002இலும் வேதியியல் கல்வி இதழொன்றில் இதனை வன்மையாக எடுத்துரைத்தார். அதன்பின் ஆங்கிலப் பாடநூல்கள் பல ‘ஒழுங்கின்மை’யைக் கைவிட்டு ‘ஆற்றலின் பரவல்’ என எழுதத் தொடங்கின. தமிழில் அவ்வுரை இன்னும் செல்வாக்குடன் உள்ளது. இலக்கியத் திறனாய்வில் சமூகச் சீர்குலைவையோ மரபின் தேய்வையோ ‘என்ட்ரோபி’ என உருவகிப்போர் இயற்பியலின் துணையைத் தமக்குக் கோருவராயின், அத்துணை கிட்டாது என்பதை அறிந்திருத்தல் நன்று. உருவகம் உருவகமாக நிற்கலாம்.

பனிக்கட்டியும் சுற்றுப்புறமும்

நீர் உறைவது மற்றொரு தடை. நீர்மம் படிகமாகிறது, நீரின் என்ட்ரோபி உறுதியாகக் குறைகிறது. ஒரு மோல் நீர், அதாவது ஏறத்தாழ 18 கிராம், உறையும்போது குறையும் அளவு 22.0 அலகு. இரண்டாம் விதி மீறப்பட்டதா? இல்லை. விதி பேசுவது மொத்தத்தை. உறையும் நீர் 6.01 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. சுற்றுப்புறம் கழி 10 செல்சியசில், அதாவது 263 கெல்வினில் இருப்பின் அது பெறும் என்ட்ரோபி 6010-ஐ 263-ஆல் வகுக்க 22.9. இழப்பு 22.0, வரவு 22.9. மொத்தம் உயர்கிறது, நீர் உறைகிறது. சுற்றுப்புறம் 10 செல்சியசில், 283 கெல்வினில், இருப்பின் வரவு 21.2 மட்டுமே, மொத்தம் குறையவேண்டியிருப்பதால் உறைதல் நிகழாது, உருகலே நிகழும். 273.15 கெல்வினில் வரவும் செலவும் சமம். பனியும் நீரும் சேர்ந்திருக்கின்றன. (வெப்பநிலைக்கேற்ப உருகல் வெப்பம் சிறிது மாறுவதை இங்குப் புறக்கணித்துள்ளேன், முடிவு அதனால் மாறாது.) நீர் ஏன் சரியாகச் சுழியம் செல்சியசில் உறைகிறது என்னும் வினாவிற்கு ஒரு வகுத்தலில் விடை கிடைத்துவிடுகிறது.

இக்கணக்கில் ஓர் இடர்ப்பாடு: ஒவ்வொரு முறையும் சுற்றுப்புறத்தையும் உடன்கணக்கிட வேண்டும். வேதியியலாளர் தம் குடுவையை மட்டுமே அளக்கவல்லவர். சுற்றுப்புறம் பெறும் என்ட்ரோபி, குடுவை வெளியிடும் வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்ததே ஆகையால், அதனையும் குடுவையின் அளவுகளாலேயே எழுதிவிடலாம். மொத்தக் கணக்கையும் வெப்பநிலையால் பெருக்கிக் குறியை மாற்றினால் வருவது:

கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்)

மாறா வெப்பநிலையிலும் மாறா அழுத்தத்திலும் இவ்வளவு குறையுமாயின் நிகழ்ச்சி இயல்பாக நிகழத்தக்கது. கட்டிலா ஆற்றல் புதிதாகக் கண்டெடுத்த வேறோர் ஆற்றல்வகை அன்று. உலகின் மொத்த என்ட்ரோபி உயர்வதைக் குடுவைக்குள்ளிருந்து கூறும் வேறொரு கூற்று. இதனை உணராதார், பொருள்கள் தாழ்ந்த ஆற்றலை ‘நாடுகின்றன’ என மயங்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாம்சனும் பெர்த்தலோவும் அவ்வாறே வெப்பம் உமிழும் திசையிலேயே வேதிவினைகள் செல்லும் எனக் கொண்டனர். நவச்சாரத்தை நீரிலிட்டால் அது வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு தானே கரைகிறது, பாத்திரம் சில்லிடுகிறது. வெடியுப்பும் அத்தகையது. அதனைக் கொண்டு குடிநீர் குளிர்விக்கும் முறை அக்பர் அவையில் இருந்ததை அபுல் பசல் பதிவு செய்துள்ளார். பெர்த்தலோவின் கொள்கைக்கு மறுப்பு, அக்கொள்கை பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டு முன்பே ஒரு நீர்க்குடத்தில் இருந்தது.

‘கட்டிலா’ என்னும் அடை

மேற்காட்டிய அளவை முழுமையாக வளர்த்தெடுத்தவர் அமெரிக்கரான வில்லார்ட் கிப்ஸ். 1876க்கும் 1878க்கும் இடையில் கனெக்டிகட் கழகத்தின் இதழில் வெளிவந்த நெடுங்கட்டுரை அது. ‘கட்டற்ற’ என்னும் அடையைத் தந்தவரோ ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். வேதிநிகழ்வுகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் ஒரு பொருளின் ஆற்றலை இரண்டாகப் பகுத்தார். மாறா வெப்பநிலையில் வேலையாக மாறவல்ல பகுதி கட்டற்றது. வெப்பநிலையையும் என்ட்ரோபியையும் பெருக்கி வரும் பகுதி கட்டுண்டது. இரண்டும் ஒரே மூச்சில் பிறந்த இணைச்சொற்கள்.

இக்கட்டு எத்தகையது என்பதை ஹைட்ரஜன் எரிமக்கலம் தெளிவாகக் காட்டும். 25 செல்சியசில் ஒரு மோல் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு கூடி நீராகும்போது 286 கிலோ ஜூல் அளவிற்கு என்தால்பி குறைகிறது. இதில் மின்னாற்றலாகப் பெறத்தக்க உச்ச அளவு 237 கிலோ ஜூல். எஞ்சிய 49 எங்கே? இரு வளிமங்கள் ஒரு நீர்மமாகச் சுருங்கியதால் தொகுதியின் என்ட்ரோபி 163 அலகு குறைந்துவிட்டது. அவ்விழப்பைச் சுற்றுப்புறத்தில் ஈடுசெய்தாக வேண்டும். 298 கெல்வினில் 163 அலகை ஈடுசெய்யக் குறைந்தது 49 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியே தந்தாக வேண்டும். அது பொறியியல் குறைபாட்டால் வந்த இழப்பன்று. வினை நிகழ்வதற்கு இரண்டாம் விதி வாங்கும் சுங்கம். அச்சுங்கத்திற்கெனக் கட்டிவைக்கப்பட்டது கட்டுண்ட ஆற்றல். சுங்கம் போக நம் விருப்பிற்கு எஞ்சியது கட்டிலா ஆற்றல்.

தமிழாக்கியோர் ‘கட்டிலா’ என்றது இந்நோக்கில் மிகப் பொருத்தமானது. ‘இலவச ஆற்றல்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் விலையின்றிக் கிடைக்கும் ஆற்றல் என்னும் பெரும்பிழை நேர்ந்திருக்கும். ‘கட்டு’ என்னும் பெயரோடு, ‘இல்லா’ என்னும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ‘இலா’ என இடைகுறைந்து புணர்ந்த வடிவம் இது. குறையொன்று உண்டு: ‘கட்டில்’ என்பதோடு வினா ஆகாரம் சேர்ந்தாற்போலவும் ஒலிக்கிறது, வகுப்பறையில் சிரிப்பெழுவதைத் தடுக்க இயலாது. அதனினும் பெரிய குறை வடிவத்தில் இல்லை, வழக்கில் உள்ளது. எதிர்மறைப் பெயரெச்சம் தான் மறுக்கும் பொருளை முன்னே வேண்டி நிற்பது. கட்டு யாதெனச் சொல்லாமல் ‘கட்டிலா’ எனத் தொடங்கினால் மாணவர் அதனை வெறும் பெயராக நெட்டுருச் செய்வர். ‘கட்டுண்ட ஆற்றல்’ என்னும் ஒரு தொடரைப் பாடத்தில் முன்வைத்தால் வாய்பாட்டின் இரண்டாம் உறுப்பு ஏன் கழிக்கப்படுகிறது என்பது சொல்லிலிருந்தே விளங்கும்.

‘தன்னிச்சை’ வினை என்னும் வழக்கும் இங்குக் கருதத்தக்கது. கட்டிலா ஆற்றல் குறைவது நிகழத்தக்க திசையைக் கூறும், விரைவைக் கூறாது. அறை வெப்பநிலையில் வைரம் காரீயகமாக மாறுவதில் மோலுக்கு 2.9 கிலோ ஜூல் கட்டிலா ஆற்றல் குறைகிறது. கலைச்சொல்லின்படி அது ‘தன்னிச்சை’ வினை. அணிந்திருப்போர் அஞ்ச வேண்டியதில்லை. ‘இச்சை’ என்னும் சொல் இங்கு இல்லாத விருப்பத்தையும் இல்லாத விரைவையும் புகுத்துகிறது. ‘இயல்பாக நிகழத்தக்க’ என்பது நீளமாயினும் ஊறு செய்யாது.

ஷ்ரோடிங்கரின் தயக்கம்

சொல்லின் தோற்றம் கருத்தைப் புலப்படாமல் ஆக்கும் இடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் 1943இல் டப்ளினில் ஆற்றிய உரைகள் அடுத்த ஆண்டு ‘உயிர் என்றால் என்ன?’ என்னும் நூலாயின. உயிர்கள் உண்பது ஆற்றலுக்காக அன்று, ‘எதிர்மறை என்ட்ரோபி’க்காக என்னும் புகழ்பெற்ற கூற்று அதில் உள்ளது. இயற்பியலாளர் சிலர் அதனை மறுத்தனர். பின்னர்ச் சேர்த்த குறிப்பொன்றில் ஷ்ரோடிங்கர், இயற்பியலாளருக்கு மட்டும் எழுதியிருந்தால் கட்டிலா ஆற்றலைக் கொண்டே விளக்கியிருப்பேன் என ஒப்புக்கொண்டார். அதனைத் தவிர்த்ததற்கு அவர் கூறிய காரணம் மொழி சார்ந்தது. அத்தொடர் ‘ஆற்றல்’ என்பதோடு மிக ஒட்டியிருப்பதால், பொதுவாசகர் இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணரமாட்டார் என அவர் அஞ்சினார்.

அவர் அச்சம் நியாயமானது. ‘கட்டிலா’ என்பது ஆற்றலை அழகுபடுத்தும் அடைமொழியாகப் படிக்கப்படுமாயின் பொருள் போய்விடும். மருதின் நிழலில் நின்றாலும் மலையேறினாலும் நம் தசைகளை இயக்குவது உணவின் மொத்த ஆற்றல் அன்று. உயிரணுவினுள் ஏடிபி என்னும் மூலக்கூறு நீரால் பகுக்கப்படும்போது விடுபடும் கட்டிலா ஆற்றல். செந்தர நிலையில் அது மோலுக்கு ஏறத்தாழ 30 கிலோ ஜூல். பள்ளி இலக்கணம் கூறிய ‘வேலை செய்யும் திறன்’ இதற்கே உரியது. தமிழில் ‘ஆற்றல்’ என்னும் சொல்லின் இயல்பான பொருளும் ‘செய்யவல்லமை’ என்பதே ஆகலின், அச்சொல் மொத்தத்திற்குச் சென்று, அடைபெற்ற வடிவம் உரியவனுக்குச் சென்றது ஒரு வரலாற்று விபத்து. அதனை இனி மாற்ற இயலாது; மாற்ற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தன்று.

பன்னாட்டுத் தூய, பயன்பாட்டு வேதியியல் ஒன்றியம் இப்போது ‘கட்டற்ற’ என்னும் அடையையே நீக்கி, ‘கிப்ஸ் ஆற்றல்’, ‘ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல்’ என வழங்குமாறு பரிந்துரைக்கிறது. தமிழ்க் கலைச்சொல் தொகுப்புகள் இதனைப் பின்பற்றும் நாள் வரலாம். அப்போது ஆங்கிலம் இழப்பது, பன்முகப் பொருளால் மயக்கம் தந்த ஓர் அடையை. தமிழ் இழப்பது, இணைச்சொல்லோடு வைத்தால் வாய்பாட்டையே விளக்கவல்ல ஓர் எதிர்மறைப் பெயரெச்சத்தை. தலைச்சொல்லாக ‘கிப்ஸ் ஆற்றல்’ நின்றாலும், அதன் விளக்கப் பகுதியில் ‘கட்டுண்ட’, ‘கட்டிலா’ என்னும் இரண்டையும் அருகருகே தருமாறு தொகுப்பாசிரியர்களைக் கேட்டுக்கொள்வது இயலும்.